குட்வில்லும் வேணாம் ஒண்ணும் வேணாம், எழுதிக் கொடுங்க!

சர்வீஸ் சென்டர்காரங்க அகராதியில ஒரு வார்த்தை இருக்கு மக்களே. "குட்வில்". கடையைக் கைமாத்தி விடும்போது பேருக்குன்னு தனியா ஒரு விலை வைப்பாங்களே, அந்தக் குட்வில் இல்லை. இது வேற. நம்ம வண்டியை அவங்களே கெடுப்பாங்க. நாம போய் நாலு நாள் கத்தினதுக்கு அப்புறம் அவங்களே சரி பண்ணுவாங்க. அப்ப ஏசி ரூம்ல உட்காரவச்சு, டிகிரி காபியைப் போலவே இருக்கற ஒரு திரவத்தைக் கையில கொடுத்து, "நீங்க நம்ம ரெகுலர் கஸ்டமர் சார், குட்வில்ல பண்ணித் தர்றோம்"னு சிரிப்பாங்க பாருங்க, அந்தக் குட்வில்.

கேட்கறதுக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்மகிட்ட ஐயாயிரம் கடன் வாங்கினவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, தன் கணக்கு நோட்டுல "தர்மம் - ஐயாயிரம்"னு எழுதிக்கிட்டா நாம சும்மா இருப்போமா? என் பொருளை நீ கெடுத்தா, அதை நேராக்கறது நீ எனக்குப் பட்ட கடன். அதுக்கு தர்மம்னு பேர் வைக்காதே. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போறது இது ஒண்ணுதான்.

நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். 2019 கடைசியில வாங்கின பெட்ரோல் கார். சென்னையில கம்பெனியோட அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டர். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துல இருக்கறதால பேர் வேண்டாம். 2025 பிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை வழக்கமான சர்வீஸுக்கு விட்டேன். ஆயில் மாத்தி, ஃபில்டர் மாத்தி, தண்ணி அடிச்சு, டேஷ்போர்டுல பளபளன்னு எதையோ தடவி, 7,840 ரூபாய் பில். சனிக்கிழமை காலையில அம்மாவோட திருச்சியில ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சேன். ஓரங்கட்டற அந்தச் சில நொடியிலேயே உள்ளேயிருந்து டக் டக்னு சத்தம். குனிஞ்சு பார்த்தா வண்டியோட அடிவயிறு பூரா தேன் கலர்ல புது ஆயில்.

பக்கத்துப் பட்டறையிலேருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "சார், டிரெயின் பிளக் மரை போயிடுச்சு. போனதை மறைக்க வெள்ளை டேப் சுத்திச் சொருகியிருக்கானுங்க"ன்னார். பார்த்தேன். பிளம்பர் தண்ணிக் குழாய்க்குச் சுத்தற டெஃப்ளான் டேப்! பிளக் பாதி கழண்டு தொங்கிட்டு இருந்தது. நம்ம ஊர்ல பைத்தியக்காரத்தனமா நடந்துக்கறவனை "மரை கழண்டவன்"னு சொல்றது எவ்வளவு பொருத்தம்னு நடுரோட்டுல நின்னுதான் புரிஞ்சது :-)

அந்த மெக்கானிக் அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். "நான் கை வைக்க மாட்டேன் சார். வச்சா நாளைக்கு என்னையே காட்டிடுவானுங்க. நீங்க போட்டோ புடிங்க, நான் லைட்டு அடிக்கறேன்." எல்லாப் பக்கமும் லைட் அடிச்சார். டீக்காசு கொடுத்தேன், வாங்கிக்கலை. சர்வீஸ் சென்டர் நாளைக்கு என்ன பேசும்னு ஒரு ரோட்டோர மெக்கானிக்குக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்குன்னா, இந்தப் பேச்சை இதுக்கு முன்னால எத்தனை பேர்கிட்ட பேசியிருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

மெக்கானிக் விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கற தொட்டி, சம்ப். அதோட அடியில பழைய ஆயிலை இறக்கறதுக்கு ஒரு போல்ட் இருக்கும், அதுதான் டிரெயின் பிளக். பல வண்டிகள்ல சம்ப் அலுமினியம், பிளக் இரும்பு. இரும்பை அளவுக்கு மீறி முறுக்கினா அலுமினிய மரை வழிச்சுக்கிட்டு வந்துடும். அதனாலதான் எவ்வளவு முறுக்கணும்னு கம்பெனி மேனுவல்லயே எழுதியிருப்பாங்க. பல சின்ன கார்களுக்கு அது 35 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதாவது ஒரு அடி நீளப் பானாவோட நுனியில சுமார் 12 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. அவ்வளவுதான். அளந்து முறுக்கறதுக்குன்னே டார்க் ரென்ச்னு ஒரு கருவி இருக்கு. ஆயில் மாத்தும்போது பிளக்கோட வாஷரையும் மாத்தணும். சில்லறைக் காசு சமாச்சாரம்.

மரை போறது எங்கேயும் நடக்கக் கூடியதுதான். அதுக்கு வைத்தியமும் உண்டு. புது மரை வெட்டி உள்ளே ஸ்லீவ் போடலாம், இல்லைன்னா சம்ப்பையே மாத்திடலாம். ரெண்டுக்கும் நேரம் ஆகும். கூடவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லணும். சொன்னா "யார் கெடுத்தது?"னு நான் கேட்பேன். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கறதுக்காகச் சுத்தினதுதான் அந்த டேப். இதுக்கு "கவனக்குறைவு"ங்கறது ரொம்ப மரியாதையான வார்த்தை. முறுக்கினது கவனக்குறைவு. மறைச்சது வேற.

வண்டியை ரெக்கவரி வண்டியில ஏத்தி சென்னைக்கே கொண்டு வந்து அதே சர்வீஸ் சென்டர் வாசல்ல இறக்கினேன். அப்புறம் வரிசையா மூணு பாட்டு பாடினாங்க.

முதல் பாட்டு: "கல் அடிச்சிருக்கும் சார்." சரி, கல் அடிச்சா சம்ப்புல நெளிவு, கீறல், விரிசல் ஏதாவது இருக்கணுமே? ஒண்ணும் இல்லை. அதோட, கல் வந்து டெஃப்ளான் டேப் சுத்திட்டுப் போச்சான்னு கேட்டேன். பதில் இல்லை.

ரெண்டாவது பாட்டு: "வெளி மெக்கானிக் யாராவது கை வச்சிருப்பாங்க." உளுந்தூர்பேட்டைக்காரர் சொன்ன அதே வசனம், எழுத்துப் பிசகாம! வண்டி நின்ன இடத்துலயே எடுத்த படங்களைக் காட்டினேன். நேரம், தேதி, இடம் எல்லாம் அதுல இருக்கு.

மூணாவது பாட்டுதான் கில்லாடி: "விளக்கு எரிஞ்ச பிறகும் ஓட்டியிருக்கீங்க, அதான் இன்ஜின் போச்சு." பல பேர் இந்த இடத்துலதான் வாயடைச்சுப் போவாங்க. போகாதீங்க. அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் குறைய ஆரம்பிச்சவுடனே எரியறது இல்லை. இன்ஜினுக்குள்ள ஆயில் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதாவது விளக்கு எரியும்போதே பேரிங்குக்கு ஆயில் சரியா போகலைன்னு அர்த்தம். நெடுஞ்சாலையில் 80-ல வர்ற வண்டியை ஓரங்கட்டி நிறுத்தச் சில நொடி ஆகும். அந்த நொடிகளுக்கு என்னைப் பொறுப்பாக்கிட்டு, ஆயிலை ரோட்டுல கொட்டவிட்டவர் சாட்சி சொல்ல வந்துட்டார்!

மூணு பாட்டும் எடுபடலைன்னதும் குரல் தாழ்ந்தது. சர்வீஸ் அட்வைசர் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "சார், உங்க பாலிசியில இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கே. கல் அடிச்சதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க, இன்சூரன்ஸ்ல போட்டுடலாம். உங்களுக்கும் நஷ்டம் இல்ல, எங்களுக்கும் நஷ்டம் இல்ல"ன்னார்.

இதை நிறுத்தி நிதானமா படிங்க. அவர் கெடுத்த இன்ஜினுக்கு நான் பொய் சத்தியம் பண்ணணும். மாட்டினா மோசடி என் பேர்ல. மாட்டலைன்னாலும் நஷ்டம் என் பேர்லதான். அஞ்சு வருஷம் க்ளெய்ம் பண்ணாததால எனக்கு சேர்ந்திருக்கற 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் அடுத்த வருஷம் காலி. சாதாரண வாகனக் காப்பீட்டுல மெக்கானிக்கல் கோளாறுக்குப் பணம் கிடையாது. விபத்துன்னு காட்டினாதான் உண்டு. அதனாலதான் அந்தக் கல் மேல அவ்வளவு பாசம். நாளைக்கு எல்லாரோட பிரீமியமும் ஏறும்போது "இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கறான்"னு நாமளே புலம்புவோம்.

மாட்டேன்னேன். அதுக்கப்புறம்தான் நம்ம கதாநாயகன் வந்தார். குட்வில்! முதல்ல "லேபர்ல பாதி தள்ளுபடி, குட்வில்". நான் ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்பினேன். கார் கம்பெனியோட தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. உடனே "முழுசா ஃப்ரீ சார், குட்வில்". 68,500 ரூபாய் எஸ்டிமேட். கிராங்க் பேரிங், ஆயில் பம்ப், சம்ப் எல்லாம் புதுசு. 23 நாள் ஆச்சு. வண்டியை எடுக்கப் போனா ஒரு பேப்பரை நீட்டினாங்க: நிறுவனம் நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகச் செய்து கொடுத்தது, வாடிக்கையாளர் முழுத் திருப்தி அடைந்தார், இனி அவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

"கோளாறுக்குக் காரணம்"னு ஒரு கட்டம் அந்த பேப்பர்ல எங்கேயும் இல்லை.

இங்கேதான் நம்ம ஆளுங்க எல்லாரும் என் மேல பாய்வாங்க. "யோவ், அறுபத்தெட்டாயிரம் ரூபாய் வேலையை ஓசியில பண்ணிக் கொடுத்துட்டான். வாயை மூடிட்டு வண்டியை எடுத்துட்டு வராம, வார்த்தைக்குச் சண்டை போடறியா?" என் மச்சானே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்றேன்.

ஒண்ணு. அந்த இன்ஜினைப் பிரிச்சு மாட்டியிருக்காங்க. நாளைக்கு அதே இடத்துல சத்தம் வந்தா, "உங்க வண்டிக்குப் பழைய கோளாறு சார், போன தடவையே குட்வில்ல பண்ணிக் கொடுத்தோம்"னு அவங்க ரெக்கார்டே எனக்கு எதிரா பேசும். காரணம் எழுதாத இலவசம், தப்பை என் வண்டி மேல எழுதிடுது.

ரெண்டு. இன்ஜின் மட்டும்தான் என் நஷ்டமா? ரெக்கவரி வண்டிக்கு 9,500. அம்மாவை நடுரோட்டுலேருந்து திருச்சிக்குக் கூட்டிட்டுப் போக டாக்ஸி 5,200. 23 நாள் ஆபீஸுக்கு ஆட்டோவும் கேப்பும் 6,700. மொத்தம் 21,400. கடன்னா இதையும் சேர்த்துத்தான் கொடுக்கணும். தர்மம்னா அவங்க மனசு எங்கே நிக்குதோ அங்கே நின்னுடும். அந்த ஒரு வார்த்தையோட விலை இது.

மூணாவது, எனக்கு ரொம்பக் கடுப்பா இருந்தது. மேனேஜர் என்னைச் சமாதானப்படுத்தறதா நினைச்சு, "அந்தப் பையன் சம்பளத்துல பிடிச்சிடறோம் சார், விடுங்க"ன்னார். இருபது வயசு இருக்கும் அந்தப் பையனுக்கு. நான் கேட்டேன், "அவன் கையில டார்க் ரென்ச் கொடுத்தீங்களா? மரை போச்சுன்னு அவன் வந்து சொன்னா, பரவாயில்ல, டெலிவரி லேட்டானா லேட்டாகட்டும்னு சொல்ல உங்க பட்டறையில ஆள் இருக்கா?" வண்டி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளியே போயாகணும்னு மேலேயிருந்து நெருக்கறவர் யாரோ, அவர் சம்பளத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. வாடிக்கையாளர்கிட்ட குட்வில், பையன்கிட்ட பிடித்தம். காகிதத்துல தப்பே நடக்கலை, ஆனா தண்டனை மட்டும் கீழே இருக்கறவனுக்கு. இதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாம்!

நிற்க. "ஜாப் கார்டுல 'உரிமையாளர் பொறுப்பில்'னு அச்சடிச்சிருக்கு சார்"னும் ஒரு குண்டு போட்டாங்க. இதுக்கு பயப்படற நண்பர்கள் நிறைய. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151 என்ன சொல்லுது? ஒருத்தர் பொருளைத் தன் பொறுப்பில் வாங்கி வச்சிருக்கறவர், சாதாரண விவேகமுள்ள ஒருத்தர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கற அளவுக்கு அதைப் பார்த்துக்கணும். நூத்தம்பது வருஷப் பழைய சட்டம். வெள்ளைக்காரன் காலத்துல மாட்டு வண்டிக்குப் பொருந்தினது, இன்னிக்கு காருக்கும் பொருந்தும்.

இதே விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. 1998-ல டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல்ல ஒருத்தர் தன் மாருதி ஜென் காரை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சாவியை ஹோட்டல் ஊழியர்கிட்ட கொடுத்தார். கார் திருட்டுப் போச்சு. பார்க்கிங் சீட்டுல "உரிமையாளர் பொறுப்பில்"னு இருக்கேன்னு ஹோட்டல் தரப்பு வாதாடினது. 2019 நவம்பர்ல தீர்ப்பு வந்தது. தன் ஆட்களோட அலட்சியத்தால வந்த நஷ்டத்துலேருந்து அந்த வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது, அலட்சியம் இல்லைன்னு நிரூபிக்கற பொறுப்பு பொருளைக் கையில வாங்கினவருக்குத்தான்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது திருட்டு, இது மரைதான். ஆனா சாவியைக் கையில வாங்கினவர் பதில் சொல்லணும்ங்கற நியாயம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே?

2020 ஜூலையிலேருந்து நடைமுறையில் இருக்கற 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவு. சேவைக் குறைபாடுன்னா என்னன்னு பிரிவு 2(11)-ல விளக்கம் இருக்கு. அலட்சியத்தால நஷ்டம் உண்டாக்கறதும் அதுல அடக்கம், வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேணும்னே மறைக்கறதும் அடக்கம். அந்த டேப்பை நினைச்சுக்கிட்டு அந்த வரியைப் படிச்சப்போ, சட்டம் எழுதினவர் நம்ம சர்வீஸ் சென்டர் பக்கம் வந்து போயிருப்பாரோன்னு தோணிச்சு.

அதனால அந்த பேப்பர்ல நான் கையெழுத்து போட்டேன், ஆனா மேலே என் கையாலேயே எழுதினேன்: "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன். கோளாறுக்குக் காரணம் சர்வீஸில் நடந்த அலட்சியம். மற்ற செலவுகளுக்கான என் உரிமையை விட்டுத்தரவில்லை." படம் எடுத்துக்கிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே... 21,400 ரூபாய்க்கும், "காரணம்" எழுதின ஒரு கடிதத்துக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுத்திருக்கேன்.

உங்களுக்கு இப்படி நடந்தா, நான் தெரிஞ்சுக்கிட்டதுல சிலது:

வண்டி நின்ன இடத்துலயே படம் எடுங்க. யாரையும் கை வைக்க விடாதீங்க. சர்வீஸ் பில்லும் ஜாப் கார்டும் பத்திரம்.

கழட்டின பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்க. டேப் சுத்தின அந்த பிளக் இப்ப என் பீரோவுல ஒரு கவர்ல இருக்கு.

ஃபோன்ல பேசினதை எல்லாம் அன்னிக்கே ஒரு மின்னஞ்சல்ல போட்டு "நீங்க சொன்னது இதுதானே?"ன்னு அனுப்பிடுங்க. பதில் வராட்டியும் அது ஆவணம். பெரிய தொகைன்னா, பிரிக்கறதுக்கு முன்னால தனியா ஒரு வாகன சர்வேயர்கிட்ட அறிக்கை வாங்கிடுங்க.

1915-க்கு ஃபோன் பண்ணினா தேசிய நுகர்வோர் உதவி மையம், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பாங்க. அது நீதிமன்றம் இல்லை, ஆனா பல பேருக்கு அந்தக் கட்டத்துலயே ஞானம் பிறந்துடும்.

ஆணையத்துக்கு வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணமும் இல்லை. நீங்க குடியிருக்கற ஊர் ஆணையத்துலயே கொடுக்கலாம், இணையத்துல இ-ஜாக்ரிதி தளம் வழியாவும் கொடுக்கலாம். நடந்து 2 வருஷத்துக்குள்ள கொடுத்துடணும்.

எல்லா சர்வீஸ் சென்டரும் திருட்டுக் கும்பல்னு நான் சொல்லலை. "எங்க கையில மரை போயிடுச்சு சார், ஸ்லீவ் போடணும், ஒரு நாள் டைம் கொடுங்க, செலவு எங்களுது"ன்னு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஃபோன் வந்திருந்தா, நான் கோபப்பட்டிருப்பேன், ஒரு நாள் புலம்பியிருப்பேன், அடுத்த சர்வீஸுக்கும் அங்கேயே விட்டிருப்பேன். உண்மையான நல்லெண்ணம்னா அந்த ஒரு ஃபோன்தான். அதுக்கு அவங்களுக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் செலவாகியிருக்கும்.

"இருபத்தோராயிரத்துக்கு ஏன்யா கோர்ட்டு, அலைச்சல்?"னு கேட்கறவங்களுக்கு: அலைச்சல் உண்மைதான். மூணு மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சட்டத்துல இருந்தாலும் வாய்தா இழுக்கும். நம்ம அலுப்புதான் அவங்க முதலீடு. நூறு பேர்ல தொண்ணூத்தெட்டு பேர் "போதும்டா சாமி"ன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்கங்கற தைரியத்துலதான் அந்த பேப்பரையே அச்சடிச்சு அடுக்கி வச்சிருக்காங்க. ஆமா, எனக்குன்னு தனியா டைப் பண்ணலை. கட்டுக் கட்டா இருந்தது, வண்டி நம்பருக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டு. அதைப் பார்த்த பிறகும் எப்படிச் சும்மா வர்றது, சொல்லுங்க?

தீர்ப்பு வந்தா எழுதறேன். தோத்தாலும் எழுதறேன்.

பி.கு: உங்கள்ல யாராவது இந்த மாதிரி பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா, அதுல "காரணம்"னு ஒரு வரி இருந்ததான்னு பார்த்துச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர் "இருந்தது"ன்னு சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான்.